பயம் போகும் இடம்

சம்யுக்தா தென்கடல் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது செட்டை ஆடிக்கொண்டிருந்தபோது, அவளுடைய பயம் முழுவதும் அரங்கத்துக்கு அடியில் ஓர் அறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தின் பெயர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தொன்பது, ஊர் அம்பத்தூர். அதாவது நான்.

அதே நேரத்தில் எனக்கு மாரடைப்பும் வந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு என் முட்டாள்தனம் மட்டும் காரணமில்லை, நான் பார்த்த வேலையும் காரணம். அதனால் முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவருக்குள் எழுகிற பயத்தை அழிக்க முடியாது, ஆனால் வேறொருவருக்கு மாற்றி அனுப்பலாம் என்று எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை, அதற்கு ஜோடியாக இன்னொரு வில்லை. அனுப்புகிறவருக்கு ஒன்று, வாங்கிக்கொள்கிறவருக்கு ஒன்று. கம்பெனிக்காரர்கள் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தார்கள். நம் ஜனங்கள் பார்த்த மாத்திரத்தில் பொட்டு என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. டென்னிஸ் சங்கங்கள் முதலில் கூடவே கூடாது என்று குதித்தன. இது மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, உடம்புக்குள் எதுவும் போகவில்லை, வெளியேதான் போகிறது என்று யாரோ வாதாடி ஜெயித்தார்கள். அப்புறம் பொட்டு இல்லாமல் ஆடுகிறவர் ஒருவரும் மிச்சமில்லை.

டென்னிஸ் ஒற்றை ஆளின் ஆட்டம். கிரிக்கெட் மாதிரி தோளில் தட்டிக்கொடுக்கப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். ஒரு பந்தை வலையில் அடித்துவிட்டு, அடுத்த பந்துக்குள் அதை மறந்தாக வேண்டும். மறக்காவிட்டால் கை இறுகும், இறுகினால் அடுத்ததும் வலையில்தான். பாதி ஆட்டம் மனசுக்குள் என்பார்கள். அந்தப் பாதியைத்தான் எங்கள் தலையில் கட்டினார்கள்.

எங்களுக்குச் சங்கம் வைத்த பெயர் உணர்வு உதவியாளர். நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வது தாங்கி. பெரும்பாலும் பெண்கள், அதிலும் கல்யாணமாகிப் பிள்ளை வளர்த்து முடித்தவர்கள். வெளிநாட்டிலும் அப்படித்தானாம். பயத்தைச் சுமக்க ஆள் வேண்டும் என்றால் உலகத்தில் பெண்களுக்கா பஞ்சம்?

என்னைத் தேர்வு செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து, உடம்பெல்லாம் கம்பி ஒட்டி, காதருகே திடீரென்று வெடிச்சத்தம் போட்டார்கள். விபத்துப் படங்கள் காட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவன் வந்து பாத்திரத்தைத் தூக்கிப் போட்டான். என் நாடித் துடிப்பு கூடவில்லை. சோதித்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"யோகா ஏதாவது பண்றீங்களாம்மா?"

"இல்ல டாக்டர். கல்யாணம் பண்ணியிருக்கேன்."

அவர் சிரித்தார். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும். முகம் மாறினால் அடுத்த தட்டும் பறக்கும். கெட்டவர் இல்லை, முன்கோபம், அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு முகத்தை மாற்றாமல் இருக்கப் பழகினேன். முகத்துக்குப் பின்னால் மனசும் பழகிக்கொண்டது.

பொட்டைப் பற்றி எனக்கு விளக்கியவன் இர்ஃபான். அரங்கத்தில் எங்கள் அறைக்குப் பொறுப்பான டெக்னீஷியன். சுறுசுறுப்பான பையன், கல்யாணமாகி ஒரு குழந்தை.

"வலி வராதுக்கா. நெனப்பும் வராது. பயம், பதற்றம், அந்த மாதிரி மட்டும்தான் வரும். தண்ணின்னு வெச்சுக்கங்களேன். மேட்டுலேருந்து பள்ளத்துக்கு இறங்கும். அவங்க மேடு, நீங்க பள்ளம்."

"வந்து வந்து ரொம்பிடுச்சுன்னா?"

"உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட ரொம்பாது. மணல்ல ஊத்தின மாதிரி ஊறிடும். அதுக்குத்தானே அத்தனை டெஸ்ட்டு?"

"எப்பவும் நான்தான் பள்ளமா? திரும்பிப் போகவே போகாதா?"

"போகணும்னா உங்க சொந்தப் பயம் அவங்க பயத்தைவிட ஒசரத்துக்கு ஏறணும். ஃபைனல் ஆடுறவங்களைவிட, கீழ சும்மா உக்காந்திருக்கறவங்களுக்குப் பயம் ஜாஸ்தியாகுமா? எந்த ஊர்லயும் அப்படி ஆனதில்லக்கா."

பயிற்சியில் சொல்லித் தந்த முதல் பாடம்: வருவது எதுவும் உன்னுடையது அல்ல. நெஞ்சு அடைக்கிறதா, அது அவளுடையது. ஓடிப்போகலாம் போலிருக்கிறதா, அதுவும் அவளுடையது. வாசலுக்கு வந்த விற்பனைக்காரனை அனுப்புவது போல உள்ளே விடாமல் அனுப்பிவிட வேண்டும். கைக்கு ஏதாவது வேலை இருந்தால் நல்லது என்றார்கள். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள், ஒருத்தி ஜெபமாலை உருட்டுவாள். நான் வெங்காயம் உரிப்பேன். ராத்திரிச் சமையலுக்கும் ஆயிற்று, கண்ணில் தண்ணீர் வந்தால் காரணமும் கையிலேயே இருந்தது.

எங்கள் அறையில் டிவி கிடையாது. தாங்கிக்கு ஸ்கோர் தெரியக்கூடாது. தெரிந்தால் நமக்கென்று ஓர் ஆசை வந்துவிடும், கணக்குக் குழம்பும் என்பார்கள். ஆனால் மூன்று வருடம் ஒருத்தியின் பயத்தைச் சுமந்தவளுக்கு ஸ்கோர் எதற்கு? இரண்டாவது சர்வுக்கு முன் வரும் பயம் தொண்டையில் நிற்கும். தன் சர்வைப் பறிகொடுக்கப்போகும் பிரேக் பாயிண்ட் என்றால் அடிவயிறு. சுலபமான பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டால், பயம் வராது, வெட்கம் வரும், காது சூடாகும். அவள் அம்மாவுக்குக்கூட அவளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது.

வெளியே அவளுக்குப் பனிக்கட்டி என்று பெயர். தோற்கும் நிலையில்கூட முகத்தில் ஒரு கோடு மாறாது என்று வர்ணனையாளர்கள் வியப்பார்கள். பள்ளிக்கூடங்களில் அவளைக் கூப்பிட்டு மன உறுதி பற்றிப் பேசச் சொல்வார்கள். அவளும் மூச்சுப் பயிற்சி, நேர்மறை எண்ணம் என்று ஏதோ பேசுவாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் துணி மடிப்பேன். எனக்குக் கோபம் வராது. அப்போதெல்லாம் எனக்கு எதற்குமே கோபம் வராது.

இறுதி ஆட்டத்தன்று எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கூடாது என்பது விதி. அதையும் மீறி, பயிற்சி முடித்து வேர்வையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா வரும். சாரி."

"வரட்டும் கண்ணு. ஏன், என்ன விஷயம்?"

"முட்டி டாக்டர் சொல்லிட்டாரு. இந்த சீசனோட சரியாம். இதை ஜெயிச்சா பெரிய போட்டிங்களுக்கு நேரா எடுத்துப்பாங்க, ஒரு தடவையாவது அங்க ஆடிடலாம். இல்லன்னா இன்னியோட முடிஞ்சுது." இதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றுமில்லை. அவள் காதுக்குப் பின்னால் பொட்டு இருந்தது. அவள் சொல்லச் சொல்ல என் அடிவயிறு கலங்கியது.

"நீ போய் ஆடு. இங்க நான் இருக்கேன்ல?"

அப்படி நின்றதற்காக அவளை எனக்குப் பிடித்திருந்தது. வேறு எந்த ஆட்டக்காரியும் தன் தாங்கியிடம் சாரி சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

எதிராளி ஹானா என்ற செக் நாட்டுப் பெண். அவளுடைய தாங்கி நடைக்கு எதிர்ப்புற அறையில் இருந்தாள், தடித்த கண்ணாடி போட்ட ஒரு பாட்டியம்மாள். கதவை மூடுமுன் எனக்குக் கையசைத்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

முதல் செட் சம்யுவுக்கு. வயிறு லேசாக இருந்ததால் தெரிந்தது. இரண்டாவது செட்டில் தொண்டை அடைக்கத் தொடங்கியது, காது அடிக்கடி சூடானது, கடைசியில் மார்பின் மேல் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. அந்த செட் போய்விட்டது என்று புரிந்தது. வெங்காயத்தை எடுத்தேன், தோலை உரித்தேன், கிண்ணத்தில் போட்டேன். உன்னுடையது இல்லை அரசி, உன்னுடையது இல்லை.

மூன்றாவது செட் தொடங்கியபோது முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல ஒரு வலி. வலி பொட்டு வழியாக வராது என்று எனக்குத் தெரியும். அதனால் இது என்னுடையதுதான். காலையில் அவசரமாக விழுங்கிய பொங்கல், வாயு பிடித்துக்கொண்டது என்று தீர்ப்புச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தாடையும் வலித்தது. அதற்கு ஏ.சி. காற்று.

வலிக்குப் பொங்கலைப் பொறுப்பாக்கியாயிற்று. கூடவே ஒரு பயம் ஏறிக்கொண்டிருந்தது. அதை அவள் கணக்கில் எழுதினேன். அதற்கு என்னைப் பழக்கியிருந்தார்கள். ஆனால் அது வழக்கமான பயமாக இல்லை. தொண்டையிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாமல் அறை முழுவதும் நிறைந்திருந்தது. ஏதோ ஒன்று முடியப்போகிறது என்ற பயம். பாவம், முட்டியை நினைத்துக்கொள்கிறாள், கடைசி ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு நானே சொன்னேன்.

எங்கள் பயத்தின் அளவைக் கோடாகக் காட்டும் திரையிலிருந்து இர்ஃபான் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, உங்க கோடு ரொம்ப மேல போவுது. இவ்ளோ நான் பாத்ததே இல்ல."

"ஃபைனல் இல்ல? அப்படித்தான் இருக்கும்."

"வேர்க்குது உங்களுக்கு."

"அவளுக்கு வேர்க்குது."

"வேர்வை எப்படிக்கா பொட்டுல வரும்?"

"பயம் வந்தா வேர்க்காதா? நீ உன் பெட்டியைப் பாரு."

அவன் எழுந்து வந்து என் மணிக்கட்டைத் தொட்டான். தொட்ட கையை எடுக்கவில்லை. "ஜில்லுனு இருக்குக்கா. நான் இணைப்பைக் கட் பண்ணிடறேன். டாக்டரைக் கூப்பிடலாம்."

நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் இரண்டு பொட்டும் செத்துவிடும். அழுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். போன வருடம் வேறொரு நாட்டில் ஓர் ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுந்துபோனது. நல்ல ஆட்டக்காரன். மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கோட்டின் மேல் உட்கார்ந்தவன், கைத்தாங்கலாகத் தூக்கிச் செல்லும்வரை எழுந்திருக்கவில்லை. வருடக்கணக்கில் பயமே தெரியாதவனுக்கு மொத்தமாகக் கொடுத்தால் என்ன செய்வான்? தாங்கிக்கு உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால் ஆட்டம் எதிராளிக்கு. இல்லாவிட்டால் தோற்கிறவர்கள் எல்லோருடைய தாங்கிக்கும் தலைவலி வந்துவிடும் என்று யோசித்துத்தான் அந்த விதியைப் போட்டிருந்தார்கள்.

இர்ஃபானின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன ஸ்கோரு?"

"சொல்லக்கூடாதுக்கா."

"சொல்றா."

அவன் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அஞ்சு நாலு. நம்ம பொண்ணுதான் மேல. இப்ப சைடு மாறுறாங்க. அடுத்து அவங்க சர்வ்."

இன்னும் ஒரே கேம். எனக்கு முதுகு வலி கையில் இறங்கியது. இடது கையில் இருந்த வெங்காயம் மடியில் விழுந்தது.

"இப்ப போய் அறுக்கிறேங்கிறியே. பாவம்டா அந்தப் பொண்ணு."

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கென்ன ஆகும்? வாயு. போய் எங்கயாவது ஓமத் தண்ணி கிடைக்குமா பாரு. இல்லன்னா இஞ்சி டீயாவது வாங்கிட்டு வா. போ."

அவன் போகவில்லை. பொத்தானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பயம் இன்னும் ஏறியது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பயத்தை நான் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் அரிவாள்மணையைத் தூக்கிய அன்றுகூட இல்லை. அடேயப்பா, இந்தச் சின்னப் பெண்ணுக்குள்ளா இவ்வளவு இருந்தது என்று மலைத்துப்போனேன். இதை மட்டும் சுமந்துவிட்டால் போதும், இறக்கிவைத்துவிடலாம் என்று பல்லைக் கடித்தேன். பொத்தானில் இர்ஃபானின் விரல் இருந்தது.

திடீரென்று எல்லாம் இறங்கிவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக்கூட இல்லை. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் போவது போலப் போய்விட்டது. தொண்டையில் ஒன்றுமில்லை, வயிற்றில் ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று தோன்றியது. திரையில் என் கோடும் சரசரவென்று இறங்கித் தரையோடு படுத்ததாம். இர்ஃபான் பெருமூச்சு விட்டு விரலை எடுத்தான்.

"அப்பாடா. பயமுறுத்திட்டீங்களேக்கா."

"நான்தான் சொன்னேனே. போய் டீ வாங்கிட்டு வா."

அவன் போய்விட்டான். நான் மடியில் கிடந்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன். வலி அப்படியேதான் இருந்தது, இன்னும் சொல்லப்போனால் கூடியது. மூச்சு பாதியில் நின்று நின்று போனது. ஆனால் அது யாருக்கோ நடப்பது போலிருந்தது. தெருவில் யாரோ சண்டை போடுவதை மாடியிலிருந்து பார்ப்பது மாதிரி. சம்யு ஜெயித்திருப்பாள், அதனால்தான் இந்த அமைதி என்று சந்தோஷப்பட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கணக்குப் பார்த்தாலும் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. எழுந்திருக்கவோ யாரையாவது கூப்பிடவோ தோன்றவே இல்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்?

மேலே கூட்டம் சத்தம் போட்டது. அடங்கியது. மறுபடி போட்டது, மறுபடி அடங்கியது. ஆட்டம் முடியவில்லை போலிருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்து, அதுவும் போய்விட்டது. வெகுநேரம் கழித்து, கூரை இடிவது போல ஒரு பெரிய இரைச்சல். அப்புறம் படிகளில் யாரோ தடதடவென்று இறங்கி ஓடிவரும் சத்தம். கதவை உதைத்துத் திறந்துகொண்டு சம்யுக்தா நின்றாள். கையில் மட்டை. முகம் வெளிறி, உதடு துடித்து, கண்கள் பிதுங்கி, நான் பார்த்தேயிராத ஒரு முகம்.

"ஆன்ட்டி!" என்று கத்தினாள். "ஆன்ட்டி, உங்களுக்கு என்னமோ ஆகுது!"

"ஒண்ணும் இல்லடா கண்ணு. ஜெயிச்சிட்டியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேனாம். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

கண் விழித்தது ஆஸ்பத்திரியில். ரத்தக்குழாயில் கம்பிச் சுருள் வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் பொட்டு இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இதயத்தின் ஒரு பகுதி வீணாகியிருக்காது, இனி படியேறினால் மூச்சு வாங்கும் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் நின்று, "இவளுக்கா ஹார்ட் அட்டாக்கு? கல்லு மாதிரி இருப்பாளே சார்," என்று டாக்டரிடமே சண்டை போட்டார்.

இர்ஃபான் வந்து நடந்ததைச் சொன்னான். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான். என் கோடு இறங்கிய அதே நொடியில் சம்யுவின் கோடு ஏறியிருக்கிறது. அவன் டீக்கடைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. பிற்பாடுதான் பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறான். "பள்ளம் மேடாயிடுச்சுக்கா," என்றான். "அது மொத்தமும் உங்களோடது. உங்க உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்கதான் அவங்களோடதுன்னு சொல்லிட்டே இருந்தீங்க." அழுதான். நான் அவனைத் தேற்றி அனுப்பினேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பேப்பரில் சம்யுவின் படம் பெரிதாக வந்திருந்தது. கோப்பையைக் கையில் வாங்காமலே ஓடியவள், தன் உதவியாளரின் உயிரைக் காப்பாற்றிய தங்கமகள் என்று எழுதியிருந்தார்கள். கடைசி கேமில் பனிக்கட்டியின் கை முதல்முறையாக நடுங்கியது, ஆனாலும் நிதானத்தைக் கைவிடவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மாலை அவளே வந்தாள். கோச் இல்லை, கேமராக்காரர்கள் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். என் வீட்டுக்காரர் காபி குடிக்கப் போகும்வரை சுவரோரமாக நின்றிருந்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?"

"இருக்கேன். உன்னாலதான் இருக்கேன்னு சொல்றாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அஞ்சு நாலுல சர்வ் பண்ண நின்னேன். பந்தைத் தரையில தட்டிக்கிட்டிருந்தேன். அப்பதான் வந்துது."

"என்னோடதுன்னு எப்படித் தெரியும் உனக்கு? உன்னோடதுன்னுதானே நெனச்சிருப்ப?"

"இல்ல ஆன்ட்டி. தோத்துடுவோமோங்கிற பயம்னா பந்தைப் பாத்தா கூடணும்ல? இது பந்தைப் பாத்தாலும் கூடல, கூட்டத்தைப் பாத்தாலும் குறையல. அதுபாட்டுக்கு நின்னுது. சாகப்போறவங்களுக்கு வர்றதுன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. எப்படின்னு கேக்காதீங்க, தெரிஞ்சுடுச்சு. உங்களுக்குத்தான் ஏதோ ஆகுதுன்னு முதல் பாயிண்ட்லயே தெரிஞ்சுடுச்சு."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"முதல் பாயிண்ட்லயேவா?"

"கையைத் தூக்கி நிறுத்தியிருக்கணும். நிறுத்தினா மேட்ச் போயிடும். ஒரு கேம்தானே, நாலு பந்து போட்டா முடிஞ்சிடும், உடனே ஓடிடலாம்னு நெனச்சேன். ரெண்டு பேரும் சமமாகி டியூஸ் ஆச்சு. அப்புறம் மறுபடியும் டியூஸ். ஒவ்வொரு தடவையும் இப்ப நிறுத்திடலாம், இப்ப நிறுத்திடலாம்னு..." ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தல ஆன்ட்டி. ஆடி முடிச்சிட்டுத்தான் வந்தேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த இரைச்சல்கள் நினைவுக்கு வந்தன. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அத்தனை நேரமும் என் சாவுப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பந்தை உயரே எறிந்து, கோட்டுக்குள் அடித்திருக்கிறாள். பொட்டு வந்த பிறகு ஒருவரும் செய்யாதது அது. அவள் தன் சொந்த மனசை வைத்து ஆடிய ஒரே கேம் அதுதான். அதை ஆடி முடிக்கும்வரை கீழே நான் செத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அது கோபம் என்றே தெரியவில்லை, யாருடையதோ என்று காதுக்குப் பின்னால் கை போனது. அங்கே வெறும் தோல்தான் இருந்தது. கோபம் என்னுடையதுதான். அவள் மேல் வந்தது, அவளைப் பனிக்கட்டி என்று கொண்டாடியவர்கள் மேல் வந்தது, என் நெஞ்சு எனக்கு வலித்தபோது பொங்கலைக் குற்றம் சொன்ன என் மேலும் வந்தது. தலைமாட்டில் இருந்த மானிட்டர் வேகமாகக் கத்தத் தொடங்கியது.

"திட்டுங்க ஆன்ட்டி. எதையாவது சொல்லுங்க."

அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினாள். உள்ளே பஞ்சின் மேல் புதுப் பொட்டு ஜோடி.

"என்ன இது?"

"என்னால தூங்க முடியல. எதைத் தின்னாலும் வாந்தி வருது. கண்ணை மூடினா அந்த சர்வ்தான் வருது. இதை எப்படி வெச்சுக்கறதுன்னே எனக்குத் தெரியல ஆன்ட்டி. ஒரே ஒரு ராத்திரி மட்டும் வாங்கிக்கங்க. ப்ளீஸ். நான் தூங்கி எந்திரிச்சுடறேன்."

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து, தாங்க முடியாத எதையும் தாங்க இன்னொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். எனக்கு என்ன பழக்கியிருந்தார்கள் என்றால், அவள் சொல்லி முடிப்பதற்குள் என் கை காதோரத்து முடியை ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. அவள் எழுந்து குனிந்தாள். அவள் விரல் என் காதைத் தொட்டது.

அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்."

"ஆன்ட்டி..."

"வேணாம் சம்யு. இது உன்னோடது. நீதான் வெச்சுக்கணும்."

இப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். டப்பாவை மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எனக்கு உன் மேல ரொம்பக் கோபமா இருக்கு," என்றேன். "அது போறப்ப போவும். நீ இப்ப போயிடாத. உக்காரு."

"உக்காந்து என்ன பண்றது?"

"அழு."

அவளுக்கு அழத் தெரியவில்லை. முதலில் விக்கல் மாதிரி வந்தது, அப்புறம் இருமினாள், அப்புறம் மூக்கு ஒழுக, வாய் கோண, சின்னக் குழந்தை கடைத்தெருவில் அழுவது போலச் சத்தமாக அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துவிடவில்லை. கை துறுதுறுத்தது, போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள். "என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். அவ அழுவுறா. அவளே அழுது முடிக்கட்டும்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மானிட்டரின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.